புதருக்குள் யார் போவது?

"அம்மா, ஒரு எருமையைக் கொல்லப் போறேனுங்க. நீங்க உத்தரவு குடுக்கணும்."

தோட்டத்தம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. முறத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வீட்டு எருமை?"

"வீட்டு எருமை இல்லீங்கம்மா. காட்டெருமை. ஆப்பிரிக்காவுல, தான்சானியாவுல."

"அத்தனை தூரத்துல இருக்கறது உங்களை என்ன பண்ணுச்சு?"

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் முறத்தை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"உக்காருங்க. உரிச்சுட்டே பேசலாம்."

அவர் மண்ணில் உட்கார்ந்தார்.

ஆனைமலை அடிவாரத்தில், வாய்க்காலை ஒட்டி இருந்தது அந்தத் தோட்டம். அங்கே காவித்துணி கிடையாது, படம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. வந்தவர்களுக்கு அவள் மந்திரம் எதுவும் சொன்னதில்லை. அந்நேரம் கையில் என்ன வேலை இருக்கிறதோ அதில் பாதியைக் கொடுப்பாள். சிலர் வரப்பு வெட்டிவிட்டுத் தெளிந்து போனார்கள். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். இரண்டு சாராருக்கும் போகும்போது கீரைக்கட்டு உண்டு.

நாச்சிமுத்து அவளைவிட மூத்தவர். திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. அவர் உள்ளே நுழைந்தால் தையல் மிஷின்களின் சத்தமே ஒரு கணம் தாழும். இங்கே, அவளுக்கு எதிரில், அவர் பல வருஷமாக வெங்காயம் உரித்திருக்கிறார், சாணி அள்ளியிருக்கிறார். யாரும் சொல்லாமலே கறி தின்பதை விட்டிருக்கிறார்.

"கறியை விட்டுட்டீங்க. இப்ப எருமையைக் கொல்றதா சொல்றீங்க. திங்கறதுக்கா?"

"இல்லீங்கம்மா. கொம்போட தலையைப் பாடம் பண்ணிச் சுவத்துல மாட்டறதுக்கு."

"சுவரு கேட்டுச்சா?"

அவருக்குக் காது மடல் சுட்டது.

வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறிகூடப் போட்டாகிவிட்டது. துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து தோள் கன்றிப்போகும்வரை பழகியாயிற்று. புது பூட்ஸைக் காலுக்குப் பழக்க, விடிகாலையில் மொட்டைமாடியில் நடக்கிறார். தோட்டா அவருடைய நடுவிரல் நீளம். எல்லாம் தயார். உத்தரவு மட்டும்தான் பாக்கி.

"சரி," என்றாள் அவள். "எப்படிக் கொல்றதுன்னு சொல்லுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

அவர் முகம் மலர்ந்தது. கற்றுக்கொண்டதைச் சொல்லக் கிடைக்கும்போது கிழவருக்கும் பள்ளிப்பிள்ளையின் முகம் வந்துவிடுகிறது.

முறத்திலிருந்து மூன்று மொச்சைக் கொட்டைகளை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இது எருமைங்க. இது வழிகாட்டி. இது நான்."

"மூணும் ஒண்ணாட்டவே இருக்குது."

"ஒரு கணக்குக்குத்தானுங்க."

"எருமைன்னு நெனச்சு உங்களைச் சுட்டுட்டா?"

அவர் சிரித்து, ஓர் இலையைக் கிள்ளித் தன் கொட்டைக்கு அடியில் விரித்தார்.

"எந்த எருமையா இருந்தாலும் சுடலாமா?"

"ஐயோ, இல்லீங்க. கன்னு, பொட்டை எதையும் தொடக் கூடாது. கிழட்டுக் காளைதான். மந்தையை விட்டு ஒதுங்கியிருக்கும். கொம்பு தேஞ்சு, காது கிழிஞ்சு, சேத்துல புரண்டுட்டுத் தனியாக் கிடக்கும்."

"உங்க ஜோடி."

"ஆமாங்க," என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

"நீங்களுந்தான் மந்தைக்குப் போறதில்லை. உங்க பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலையாமே? உங்க தங்கச்சி வீட்டுப்பக்கமே தலை காட்டறதில்லையாமே?"

அவர் சிரிப்பு நின்றது.

"வேலைங்கம்மா."

"வேட்டைக்கு நாள் கிடைக்குது."

அவர் ஒரு காயை எடுத்து உரித்தார். உள்ளே புழு. தூரப் போட்டார்.

"அப்புறம்? சொல்லுங்க."

"விடியறதுக்கு முன்னாடி ஜீப்புல கிளம்பணும். தண்ணிக் குட்டையில குளம்படி பாக்கணும். சாணி சூடா இருக்கான்னு தொட்டுப் பாப்பாங்க. ஒரு துணிப்பையில சாம்பல் வெச்சுத் தட்டுனா காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும். நம்ம வாசம் அதுக்குப் போகக் கூடாது. அப்புறம் ஜீப்பை விட்டுட்டு நடைதான். கிட்டத்துல போனதும் வழிகாட்டி மூணுகால் கோல் ஒண்ணை நட்டுவார். அதுமேல துப்பாக்கியை வெச்சுக் குறி பாக்கணும்."

"கோல் எதுக்கு?"

"கை நடுங்காம இருக்கறதுக்குங்க."

"பயத்துக்குக் கோலு. நல்லாத்தான் செஞ்சிருக்காங்க." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வெயில் ஏறுது. நீலிக்குத் தண்ணி வெக்கணும். ஒரு வாளி கொண்டுபோய் ஊத்துங்க. வந்து சுடலாம்."

நீலி அவள் வளர்க்கும் எருமை. தென்னைமரத்தில் கட்டிக் கிடந்தது. வயதாகி, கறவை நின்று, கண் ஓரத்தில் பூளை தள்ளியிருந்தது. நாச்சிமுத்து வாளியைத் தொட்டியில் சாய்த்தார். ஈ ஒன்று மூக்கில் உட்கார, எருமை சீறித் தலையை உதறியது.

அவ்வளவுதான். அவர் பின்னால் துள்ளினார். வலது கை சட்டைப்பையில் இருந்த கார் சாவிக்குப் போனது.

வேலிக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்ற கார் இரண்டு தடவை கூவி, இரண்டு தடவை கண்ணடித்தது.

தோட்டத்தம்மா அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

"காரு என்னங்க சொல்லுது?"

"பூட்டிக்கிச்சுங்க."

"பூட்டாமயா விட்டுட்டு வந்தீங்க?"

"பூட்டித்தான் இருந்துச்சு," என்றார். காலி வாளி இன்னும் அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பார். பொய் தயாராக இருந்தது. அதை அவருக்கு முன்பே ஊர் சொல்லிப் பழகிவிட்டிருந்தது.

நடந்தது இதுதான். போன கோடையில் அவரும் தங்கை புருஷன் அர்த்தநாரியும் வால்பாறைக்குப் போனார்கள். திரும்பும் வழியில், தேயிலைக்கு நடுவே, ரோட்டோரம் ஒரு காட்டுமாடு நின்றது. மழையில் நனைந்த பாறை மாதிரி. நாச்சிமுத்து காரை நிறுத்தி இறங்கினார். போட்டோ எடுக்க வேண்டும். அது முகத்தைக் காட்டவில்லை.

"வேண்டாங்க மச்சான். ஏறுங்க, போலாம்," என்று அர்த்தநாரியும் பின்னாலேயே இறங்கி வந்தார்.

நாச்சிமுத்து கையைத் தட்டினார். அது திரும்பட்டும் என்று.

திரும்பியது.

இரண்டு பேரும் ஓடினார்கள். இவர் ஓட்டுநர் பக்கம், அவர் அந்தப் பக்கம். இவர் உள்ளே விழுந்து கதவைச் சாத்தியதும் கட்டைவிரல் சாவியை அழுத்தியது. டக். நான்கு கதவும். அதே கணத்தில் அந்தப் பக்கத்துக் கைப்பிடி வெளியிலிருந்து இழுபட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. கண்ணாடிக்கு அந்தப்புறம் அர்த்தநாரியின் முகம் இருந்தது. அவர் கத்தவில்லை. "மச்சான்" என்று உதடு மட்டும் அசைந்தது.

திறக்கவும் அதே கட்டைவிரல்தான் வேண்டும். அது அசையவில்லை.

மாடு அவரைக் கதவோடு சேர்த்துத் தூக்கியது. பிறகு, தன் வேலை முடிந்ததுபோல, தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நாச்சிமுத்து அவரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடியதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். சட்டை முழுக்க ரத்தம். யாரோ படம் எடுத்தார்கள். ஊருக்குக் கதை கிடைத்துவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கிப்போய்க் கிடந்த அர்த்தநாரி, கண் விழித்ததும் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "மச்சான் இல்லீன்னா நான் இல்லீங்க."

அதற்குமேல் நாச்சிமுத்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தாலே போதுமாயிருந்தது.

வியாபாரிகள் சங்கத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் பொன்னாடை. முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், அர்த்தநாரி கை தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கை தெய்வானை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை ரொம்பக் கனம் என்று நினைத்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. சரிகை கழுத்தை அறுத்தது.

அதன்பிறகு அவர் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. பழக்கூடை போகும். மருந்து போகும். நல்ல டாக்டர் போவார். தெய்வானை போனில் அழுவாள்: "என்னண்ணா, எங்களையெல்லாம் மறந்துட்டீங்களா?"

காரின் கதவு புதுசாக மாற்றப்பட்டு, பெயின்ட் அடிக்கப்பட்டது. எந்தக் கதவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஆப்பிரிக்கா தோன்றியது. எல்லாரும் சொல்லும் அந்த ஆளாக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆகிவிட வேண்டும். பாய்ந்து வருகிற எருமைக்கு முன்னால் ஓடாமல் நின்றுவிட்டால் போதும். கொம்பைச் சுவரில் மாட்டிவிட்டால், அப்புறம் தங்கை வீட்டுக்குப் போகலாம்.

அப்படித்தான் நம்பியிருந்தார்.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தோட்டத்தம்மா கொட்டைகளைக் கலைக்காமல் காத்திருந்தாள்.

"ம். குறி பாத்தாச்சு. சுடுங்க."

"முன்னங்காலுக்கு மேல, தோள் ஓரமாச் சுடணுங்க. சரியா விழுந்தா ஒரு தடவை கத்தும். அந்தக் கத்தல் கேட்டா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"கத்தலைன்னா?"

"அது நடக்காதுங்கம்மா. நல்லாப் பழகியிருக்கேன்."

"நடந்துச்சுன்னா?"

அவர் தன் கொட்டைக்கு அடியில் இருந்த இலையைச் சரிசெய்தார்.

"காயத்தோட ஓடிரும். முள்ளுப் புதருக்குள்ள."

அவள் எருமைக் கொட்டையை எடுத்தாள். உரித்துப் போட்ட தோல் பக்கத்தில் சிறு குன்றாகக் குவிந்திருந்தது. அதற்குள் கொட்டையைச் செருகினாள். காணாமல் போயிற்று.

"இப்ப?"

"உடனே போகக் கூடாதுங்க. ஒரு அரைமணி நேரம் காத்திருக்கணும். ஒரு டீ குடிக்கிற நேரம். அப்பத்தான் காயத்துல அது தளரும்."

"அதுக்கு அப்புறம்?"

"ரத்தத் தடம் பாத்துட்டு உள்ள போகணும்."

"அது என்ன பண்ணிட்டிருக்கும்?"

"அதுதான் மத்த மிருகம் மாதிரி இல்லீங்க. வளைச்சு வந்து தன் தடத்துக்குப் பக்கத்துலயே மறைஞ்சு நிக்கும். சுட்டவன் எந்தப் பக்கமா வருவானோ அந்தப் பக்கம் பாத்து."

"எத்தனை நேரம் நிக்கும்?"

"உசுரு இருக்கற வரைக்கும் நிக்குமுங்க."

அவள் ஒரு காயை உரித்து முடித்தாள்.

"போகாம விட்டுட்டா?"

"அதெல்லாம் கூடாதுங்கம்மா!" அவர் குரல் உயர்ந்தது. "வேட்டையில அது ஒண்ணுதான் விதி. காயம் பண்ணுனதை விட்டுட்டு வரவே கூடாது. எத்தனை ஆபத்தானாலும் தேடிட்டுப் போயே ஆகணும். விட்டுட்டு வந்தவன் மூஞ்சியில மத்த வேட்டைக்காரங்க முழிக்கக்கூட மாட்டாங்க. அதைவிடக் கேவலம் ஒருத்தனுக்கு..."

நிறுத்தினார்.

அவள் நிறுத்தவில்லை. இலைமேல் இருந்த கொட்டையையும், வெறுந்தரையில் இருந்த கொட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இந்த ரெண்டு பேருல புதருக்குள்ள யாரு போறது?"

"வழிகாட்டிங்க."

"சுட்டது நீங்க."

"விருந்தாளியை அவங்க உள்ள விடமாட்டாங்க. அதுதான் அவங்க ஏற்பாடு. அவருக்கு அனுபவம் உண்டு."

"வழிகாட்டி பேரு என்ன?"

"தெரியலீங்க."

"கல்யாணம் ஆனவரா?"

அவர் இலையின் ஓரத்தைக் கிள்ளினார்.

"அவரு உள்ள போயிட்டாரு. நீங்க எங்க இருக்கறீங்க?"

"ஜீப்புலங்க."

"கதவு?"

அவர் சட்டைப்பைக்குள் கட்டைவிரல் ஏற்கனவே போயிருந்தது. வேலிக்கு வெளியே கார் இரண்டு தடவை கூவியது.

நீலி காதை ஆட்டியது. எங்கோ ஒரு மயில் பதிலுக்கு அகவியது.

தனக்கு அழுகை வரும் என்று அவர் நினைத்தார். வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. ஆடை விலகிய ஒருவன் அதை மற்றவர் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டது மாதிரி இருந்தது. பூமி பிளக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதற்குள் போய் ஒளிந்துகொள்வதும் கதவைச் சாத்திக்கொள்வதுதானே.

தோட்டத்தம்மா வழிகாட்டிக் கொட்டையை எடுத்தாள். அடுப்புக்கு வைத்திருந்த பாத்திரத்தில் போட்டாள்.

"இவரு குழம்புக்கு."

பிறகு கையை நீட்டினாள்.

"சாவி."

"அம்மா?"

"குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். முற்றிப்போன காய் ஒன்றைப் பார்ப்பதுபோல. தோல் குவியலுக்குள், எருமை போன இடத்திலேயே, அதைச் செருகினாள்.

"மத்தியானம் ஒரு பஸ் இருக்குது. ரோட்டுமுக்குல நிக்கும்."

"எங்கீங்கம்மா போறது?"

"வேட்டைக்கு."

"உத்தரவு..."

"குடுத்துட்டனே."

அவர் எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. பாதி தூரம் போய்த் திரும்பினார்.

"அம்மா, அரைமணி நேரந்தான் காத்திருக்கலாம்னு சொன்னனில்லீங்க?"

"சொன்னீங்க."

"ஒரு வருஷம் ஆச்சுங்க."

அவள் அடுத்த காயை எடுத்தாள்.

"கீரையை மறந்துட்டுப் போறீங்க பாருங்க," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் கீரைக்கட்டு. எத்தனையோ காலம் கழித்துப் பஸ் ஏறியிருக்கிறார். பக்கத்தில் இருந்த அம்மாள் தூங்கித் தூங்கி அவர் தோளில் சாய்ந்தாள். லாரி ஒன்று குறுக்கே வந்து பஸ் குலுங்கி நின்றபோது, அவர் கட்டைவிரல் தன் தொடையை அழுத்தியது. எதுவும் பூட்டவில்லை. பஸ்ஸின் படிக்கட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மறுபடி அழுத்தியது. அவர் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

பொள்ளாச்சியில் இறங்கிப் பல்லடம் பஸ் ஏறினார். பல்லடத்தில் இறங்கித் தங்கை வீட்டுத் தெருவுக்கு நடந்தார். வேட்டி ஓரமெல்லாம் புழுதி.

தெருமுனை டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"அடடா, வாங்க முதலாளி! நடந்தா வர்றீங்க? டேய், இவருதாண்டா அந்தக் காட்டுமாட்டுக்கிட்ட இருந்து மாப்பிள்ளையைத் தூக்கிட்டு வந்தவரு!"

பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்கள்.

"உக்காருங்க முதலாளி. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அவருக்கு ஆசையாக இருந்தது. அந்த பெஞ்ச், அந்த நிழல், ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த நேரம் முழுக்க அவர் இன்னும் அந்த ஆளாகவே இருக்கலாம்.

"வேண்டாங்க," என்றார். "டீ குடிக்கிற நேரமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"அதென்னங்க, எப்பவும் ஒரே அவசரம்," என்று கடைக்காரர் சிரித்தார்.

வீடு தெரிந்தது. கேட் திறந்திருந்தது. கேட்டுக்கு உள்ளே, பாதைக்குப் பக்கத்தில், செம்பருத்திச் செடியின் நிழலில் ஒரு நாற்காலி. அதில் அர்த்தநாரி. பக்கத்தில் சாய்த்து வைத்த ஊன்றுகோல்கள்.

நாற்காலி தெருவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. இவர் வரும் பக்கத்தைப் பார்த்து.

நாச்சிமுத்துவின் கால் நின்றுவிட்டது. கட்டைவிரல் சட்டைப்பையைத் தேடியது. பை வெறுமையாக இருந்தது. திரும்பிப் போய் ஏறிக்கொள்ள அவருக்கு ஒரு வண்டி இல்லை.

கேட்டைத் தாண்டி உள்ளே போனார்.

"வாங்க மச்சான்," என்றார் அர்த்தநாரி. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இளைத்திருந்தார். மீசை முழுக்க நரைத்திருந்தது. "காரு எங்க?"

"இல்லீங்க மாப்பிள்ளை."

"நடந்தா வந்தீங்க?"

"ஆமாங்க."

அர்த்தநாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். புழுதி வேட்டி, வாடிய கீரைக்கட்டு, சாவி இல்லாமல் தொங்கிய கை. பிறகு மெல்ல, வீட்டுக்குள் கேட்காத குரலில் சொன்னார்:

"இங்க வர்றதுக்கு இத்தனை நாளா மச்சான்?"

நாச்சிமுத்து கீரைக்கட்டை மறு கைக்கு மாற்றினார்.

"அவ உள்ளதான் இருக்கறா. சும்மா பாத்துட்டுப் போங்க. ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் நான் வாயைத் திறக்கலை. இனியும் திறக்கமாட்டேன்."

"கைப்பிடியை நீங்க இழுத்தீங்க," என்றார் நாச்சிமுத்து.

"விடுங்க மச்சான்."

"ரெண்டு தடவை இழுத்தீங்க."

"விடுங்கன்னு சொல்றனில்ல."

"தெய்வானை!"

அவர் குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம். தெய்வானை ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் முகம் சின்ன வயதில் இருந்ததுபோல ஆனது.

"அண்ணா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்கண்ணா. ஐயோ, என்ன இது கோலம்? காப்பி வெக்கறேன், இருங்க."

"காப்பி வேண்டாம் கண்ணு. நில்லு."

"அவரு ஏதோ வெயில்ல நடந்து வந்து..." என்று அர்த்தநாரி குறுக்கிட்டார்.

"நான்தான் அந்த மாட்டைச் சீண்டுனேன்," என்றார் நாச்சிமுத்து. "இவரு வேண்டாம்னாரு. நான் கையைத் தட்டுனேன். அது வந்துச்சு. நான் முதல்ல கார்ல ஏறிட்டேன். ஏறி, கதவைப் பூட்டிட்டேன். இவரு வெளியில நின்னு இழுத்தாரு. எனக்குத் தெரிஞ்சுது. நான் திறக்கலை."

தெய்வானையின் ஈரக்கை புடவையைத் தேடிப் போய், பாதியில் நின்றது.

அவள் புருஷனைப் பார்த்தாள். அர்த்தநாரி செம்பருத்திச் செடியைப் பார்த்தார்.

அதைவிட வேறு பதில் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"மேடையில," என்றாள். "மேடையில நீங்க பொன்னாடை போத்திக்கிட்டீங்க."

"ஆமா கண்ணு."

"நான் உங்க போட்டோவைச் சாமிகிட்ட வெச்சிருக்கேன்."



அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். திட்டுவாள் என்று. அறைவாள் என்றுகூட நாச்சிமுத்து நினைத்தார். கன்னம் அதற்காகவே காத்திருந்தது.

அவள் திரும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது.

டக்.

நாச்சிமுத்து அந்தச் சத்தத்தை இந்தப் பக்கம் நின்று முதல் தடவையாகக் கேட்டார்.

படியேறிக் கதவுக்குப் பக்கத்தில் போனார். கைப்பிடியைத் தொட்டார். இழுக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கீரைக்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். கேட் திறந்தேதான் இருந்தது. போக நினைத்தால் போகலாம்.

அர்த்தநாரி ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த கல்லைக் காட்டினார்.

"உக்காருங்க மச்சான். என்னையுந்தான் வெளிய வெச்சுப் பூட்டியிருக்கறா."